நேர்வெட்டு விரிந்தால் அலை

வாசகப் பெருமக்களே, இந்த வாரம் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கேட்டவர் பலர் உண்டு; எனக்குக் கண்டவர் வேண்டும். ஜோகூர் மாநிலத்துப் பத்து பாகாட் நகரில் ஒரு சங்கக் கட்டடத்தின் கீழ்த்தள மண்டபத்தில், மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். அமருங்கள். மேடையைப் பாருங்கள்.

ஓர் இளைஞன் அவைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு மேசை. மேசையில் இளஞ்சிவப்பு மணிலா அட்டைகள், அளவுகோல், பென்சில், சமையற்கட்டிலிருந்து வாங்கி வந்த கத்தரிக்கோல். கத்தரிக்கோலைப் பிடித்திருப்பவர் அவனுடைய எதிரணித் தலைவி. அவன் வாய் சொல்வதை மட்டும், சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் செய்வேன் என்று நடுவரிடம் உறுதி கூறிவிட்டு நிற்கிறார்.

சுவரைப் பார்த்து நிற்பவன் நான்.

ஜோகூரில் நான் ஏறாத பள்ளி மேடைகள் சிலவே. ஆயினும் சுவருக்குச் சொற்பொழிவாற்றியது அன்றுதான். சுண்ணாம்பு உரிந்த ஓரிடம் பாகாங் மாநிலத்தின் வரைபடம் போலிருந்தது. அதன் மீது கண்ணை நிறுத்தி, குரலை உயர்த்தினேன்.

ஓர் அறையின் வழக்கு

அந்த மேடைக்கு நான் கோப்பைக்காக மட்டும் வரவில்லை. சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை உண்டு. நீள்சதுர மேசை ஒன்று, வெண்பலகை ஒன்று, கீழ்ச்சாலையின் மோட்டார் சைக்கிள் இரைச்சல் முழுவதும். சனிக்கிழமைதோறும் அங்கே பொறியியல் வரைகலையைத் தமிழில் விளக்கி வந்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்த முதலாண்டு மாணவர் எட்டுப் பேர் வருவார்கள். ஒன்பதாமவன் என் வகுப்புத் தோழன் கோகுலன்.

கோகுலன் ரெங்கம் ஊர்க்காரன். வகுப்பில் முதலில் சிரிப்பவன். வரைகலைத் தேர்வில் முதலில் வியர்ப்பவன். அந்த ஒரு தாளில் அவன் இருமுறை தவறியிருந்தான். மூன்றாம் முறையும் தவறினால் கல்லூரியை விட்டுப் போக வேண்டும் என்பது விதி. மறுதேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன.

அந்நிலையில்தான் சங்கத் தலைவர் வைத்திலிங்கம் ஐயா என்னை அழைத்தார். அரசாங்கப் பணியில் ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாண வழியினர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா.

"தம்பி, மாடி அறையைக் கேட்டு இன்னொரு கூட்டம் வந்திருக்கு. இங்கிலீசில கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தப் போகினமாம். நீர் சனிக்கிழமையில கதைக்கிறது பிள்ளையளுக்கு விளங்குதோ, இல்லை உம்முடைய குரல் மட்டும்தான் கேக்குதோ?"

"விளங்குகிறது ஐயா."

"அதை நீர் சொல்லக் கூடாது. ஞாயிறு மாநிலச் சொற்போரில நான்தானே நடுவர். மேடையில பார்த்துப்போட்டு முடிவு சொல்லுறன்."

சொற்போரின் தலைப்பும் அதற்கேற்றதாகவே அமைந்தது: தொழில்நுட்பத்தைத் தமிழில் கற்பிக்க இயலும், இயலாது. இயலும் என்ற அணிக்கு நான் தலைவன். வென்றால் அறை நிலைக்கும் என்று கணக்கிட்டேன். தோற்பது பற்றிய கணக்கு என்னிடம் இருந்ததில்லை.

குவளையும் லீமாவ் தோலும்

இங்கே சற்று விலகிச் செல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பரப்பு விரிப்பு என்பது வரைகலையின் ஒரு பாடம். பெட்டி, குழாய், கூம்பு ஆகிய கனவடிவங்களின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்தால் எந்த உருவம் கிடைக்கும் என்று கண்டறிந்து வரைவது. அதை வரையத் தெரிந்தவன், தகட்டை அவ்வுருவில் வெட்டி, மடித்து, புகைக்குழாயாகவோ புனலாகவோ ஆக்கலாம். உங்கள் ஊர் உணவகத்தின் கூரையில் முழங்கை போல் மடங்கி நிற்கும் குழாய், ஒரு காலத்தில் தட்டைத் தகடாகப் படுத்திருந்தது.

இப்பாடத்தைக் கோகுலனுக்கு நான் முதலில் விளக்கியது வகுப்பறையில் நடக்கவில்லை. சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டருகே ஒரு தேநீர்க் கடை. காகிதக் குவளையின் ஒட்டைப் பிரித்து விரிக்கப் போனேன். நீள்சதுரம்தான் வரும் என்று அவன் அடித்துச் சொன்னான். ஈர மேசையில், தே தாரேக் தேநீரின் வாசனையோடு, விசிறி போல் வளைந்த ஒரு துண்டு விரிந்தது.

"அலமாக்! கப்பு நேராத்தானே நிக்குது! இது ஏன்டா வாழைப்பழம் மாதிரி வளையுது?"

"மேல் வாய் பெரிது, கீழ் வாய் சிறிது. இரண்டும் ஒரே நீளமாக எப்படி விரியும்?"

அவன் அதை மீண்டும் சுருட்டினான், விரித்தான், சுருட்டினான். கடைக்காரர் வந்து, "தம்பி, இன்னொரு கப்பு வேணும்னா கேளுங்க, அத ஏன் போட்டுக் கொல்றீங்க?" என்றார். சனிக்கிழமை வகுப்பு அந்த மேசையில் பிறந்தது.

சீனப் பெருநாளுக்கு அண்டை வீட்டார் கொடுத்த லீமாவ் ஆரஞ்சுப் பழத்தையும் ஒருமுறை வகுப்புக்குக் கொண்டு போனேன். தோலை ஒரே துண்டாக உரித்துத் தட்டையாக்கச் சொன்னேன். எட்டுப் பேரும் அழுத்தினார்கள், ஓரங்கள் கிழிந்தன, அறையெங்கும் மணம். உருண்டை எவருக்கும் விரிந்து கொடுக்காது. உலகப் படங்கள் அனைத்தும் எங்கோ ஓரிடத்தில் பொய் சொல்வது அதனால்தான்.

பாலத்து நெரிசலில் பயின்ற படிக்கட்டு

என் பேச்சுக் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. மாதம் ஒருமுறை, கடல் எல்லைக்கு அப்பால் உட்லண்ட்ஸில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போவோம். எல்லைப் பாலத்து நெரிசலில் கார் அசையாது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு, "வண்டிதான் நிக்குது, வாய் ஏன் நிக்குது? பேசுடா" என்பார். பக்கத்துக் காரில் இருப்பவர்கள் என்னைப் பாடகன் என்று நினைத்திருக்கக்கூடும்.

அப்பா விதித்த இலக்கணம் ஒன்றே. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதைவிட ஒரு படி உயர வேண்டும்; படிகள் சமமாக இருக்க வேண்டும்; உச்சியில் நின்று கைதட்டல் வாங்க வேண்டும். இவ்விலக்கணம் எனக்குப் பல பரிசுகளைப் பெற்றுத் தந்திருக்கிறது. அதை இன்றும் நான் மதிக்கிறேன்.

சட்டம் படிப்பவர் வீசிய அறைகூவல்

எதிரணித் தலைவி யாழினி ஜோகூர் பாருவைச் சேர்ந்தவர், சட்டம் பயில்பவர். குறுக்குக் கேள்வி நேரத்தில் எழுந்தார்.

"மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணித் தலைவர் இயலும், இயலும் என்று முழங்கினார். முழக்கம் இனிமை. அவர் பயிலும் பாடத்தில் ஒரு பொருளை இம்மேடையிலேயே, சைகையின்றி, படமின்றி, சொல்லால் மட்டும் விளக்கட்டும். வரைகலை அறியாத நான் அச்சொல்லைக் கேட்டு வெட்டுகிறேன். பொருள் உருவானால் தமிழ் வென்றது. உருவாகாவிட்டால் அவர் குரல் மட்டுமே வென்றது!"

மண்டபம் ஆர்ப்பரித்தது. வைத்திலிங்கம் ஐயாவின் பேனா ஒன்று பையிலிருந்து வெளியே வந்தது.

ஒலிவாங்கியை மூடிக்கொண்டு யாழினி மெல்லிய குரலில் கேட்டார்: "பயமா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

"கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"லா படிக்கிறதே வெட்டத்தானே."

முழங்கைக் குழாயைத் தேர்ந்தேன். இரண்டு குழாய்த் துண்டுகள். ஒவ்வொன்றின் வாயும் ஒரே சாய்வில் நேராக வெட்டப்பட்டது. வாயோடு வாய் வைத்தால் குழாய் மடங்கும். அந்தச் சாய்ந்த வெட்டு கண்ணுக்கு நேர்கோடு. பரப்பை விரித்தாலோ அது அலையாகிவிடும். இப்பாடத்தில் எனக்கு மிகப் பிடித்த அழகு அது. சைகைக்கு இடமின்றிச் சுவரை நோக்கித் திரும்பினேன்.

"அட்டையைக் கிடையாக வையுங்கள்."

"கிடையாத்தான் இருக்கு. மேசை மேல வேற எப்படி இருக்கும்?"

சிரிப்பு. நான் அசையவில்லை.

"நீளம் பத்தொன்பது சென்டிமீட்டர், உயரம் பதினான்கு என்று வெட்டிக்கொள்ளுங்கள். நீளவாட்டில் பன்னிரண்டு சம கட்டங்களாகப் பிரித்து, செங்குத்துக் கோடுகள் போடுங்கள். முதல் கோடும் கடைசிக் கோடும் குழாயைச் சுருட்டும்போது ஒன்றையொன்று தொடும். அங்கேதான் குழாய் குட்டை. நடுக்கோட்டில் அது நெட்டை."

"சரி. இது புரியுது."

அச்சொல் என்னை உயர்த்தியது. குரல் தானாக ஏறியது.

"முதற்கோட்டில் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி! இரண்டாம் கோட்டில் ஐந்து! மூன்றாம் கோட்டில் ஆறு!"

ஏழு, எட்டு, ஒன்பது. ஒவ்வொரு எண்ணையும் ஒரு படி மேலே ஏற்றினேன். பத்தைத் தொட்டபோது அவை கைதட்டியது. அதே அளவில் இறக்கி நான்கில் முடித்தேன். புள்ளிகளை இணைத்து, வெட்டி, சுருட்டி ஒட்டச் சொன்னேன். கத்தரிக்கோல் அட்டையைக் கடிக்கும் ஒலி. ஒட்டும் நாடா கிழியும் ஒலி. அதற்குப் பிறகு சிரிப்பு.

திரும்பிப் பார்த்தேன்.

மேசையில் நின்றது குழாய்தான். அதன் வாய் சமதளமாகச் சாய்ந்திருக்கவில்லை. உச்சியில் கூராக நீண்டு, கிளி மூக்கு போல் எட்டிப் பார்த்தது. யாழினி அளவுகோலை அதன் வாயில் கிடத்தினார். அது தள்ளாடி விழுந்தது.

"கிளி! கிளி!" என்று பின்வரிசை கத்தியது.

"உமக்கு இன்னும் பாதி நேரம் இருக்கு தம்பி" என்றார் வைத்திலிங்கம் ஐயா. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

படம் வரையும்போது ஒருநாளும் செய்யாத பிழை அது. பக்கத் தோற்றத்தின் கீழே ஓர் அரைவட்டம் போட்டு, அதை ஆறாகப் பிரித்து, கோடுகளை மேலேற்றினால் உயரங்கள் தாமாக வந்து விழும். அவை சமமான படிகளாக வருவதில்லை. படமின்றிப் பேசிய என் நாவுக்கோ பாலத்து நெரிசலில் பழகிய படிக்கட்டு மட்டுமே தெரிந்திருந்தது. பிழை எதுவென்று உடனே கண்டேன். பார்த்திராத ஒருவருக்கு அதை எந்தச் சொல்லால் சொல்வதென்று தேடினேன்.

"படி இல்லடா!"

நான்காவது வரிசையில் நாற்காலி ஒன்று தரையைக் கீறிக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

"டேய்! படி இல்லடா! ஊஞ்சல்டா, ஊஞ்சல்!"

கோகுலன் எழுந்து நின்றான். கையில் பாதி தின்ற கறிபாப் பலகாரம்.

"இரும் தம்பி!" நடுவர் மேசையைத் தட்டினார். "விதி தெரியும்தானே? அவையில இருந்து இன்னொரு சொல் வந்தால் இவருடைய அணிக்கு இந்தச் சுற்றில புள்ளி இல்லை."

கோகுலன் என்னைப் பார்த்தான். என் அணியினர் இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவனை உட்காரச் சொல்ல ஒரு கையசைப்பு போதும். எஞ்சிய நேரத்தில் நான் எப்படியாவது கரையேறியிருப்பேன். அந்த நம்பிக்கை எனக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் தலைவர் கேட்ட கேள்வி, பிள்ளைகளுக்கு விளங்குகிறதா என்பது. அதற்கு விடை சொல்லத் தகுந்தவன் எழுந்து நிற்கும்போது, இடையில் நான் யார்?

தாங்கியிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன்.

அவன் கறிபாப்பை முதலாண்டு மாணவன் ஒருவன் கையில் திணித்துவிட்டு மேடைக்கு வந்தான். எண்ணெய்க் கையைச் சிலுவாரின் தொடைப்பக்கத்தில் துடைத்தான்.

"அக்கா, இன்னொரு அட்டை எடுங்க."

"அக்காவா? நான் உங்களவிட சின்னவ."

"சரி தங்கச்சி, எடுங்க. அதே மாதிரி பன்னண்டு கட்டம் போடுங்க. போட்டாச்சா? இப்ப, ஊஞ்சல் ஆடியிருக்கீங்கல்ல? கடைசிக்குப் போயி திரும்புற எடத்துல மெதுவா போகும். நடுவுல விர்ருன்னு போகும். கொழாய சுத்தி வரப்பவும் அப்படித்தான்லா. பள்ளத்துக்கிட்ட கொஞ்சூண்டுதான் ஏறும். பக்கவாட்டுல வரப்ப சரசரன்னு ஏறும். உச்சிக்கிட்ட மறுபடியும் கொஞ்சூண்டு."

யாழினியின் பென்சில் நின்றது. "அப்போ எவ்ளோ ஏத்தணும்?"

"நாலு சென்டில ஆரம்பிங்க. அடுத்த கோட்டுல நாலு மில்லி மட்டும் ஏத்துங்க. அப்புறம் பதினோரு மில்லி. அப்புறம் பதினஞ்சு, இன்னொரு பதினஞ்சு. மறுபடி பதினொன்னு, நாலு. நடுக்கோட்டுல பத்து சென்டி வந்துருச்சா?"

"வந்துருச்சு!"

"அப்படியே எறங்குங்க. ரூலர் வேணாம், கையாலயே வளைச்சு இணைங்க. எங்கயும் முனை தெரியக் கூடாது."

மேலே மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. யாழினி வளைவின் மேல் கத்தரிக்கோலை நிதானமாக நடத்தினார், கீழ்த்துண்டைச் சுருட்டினார், ஒட்டினார், அளவுகோலை எடுத்து அதன் சாய்ந்த வாயில் கிடத்தினார். அவர் விரலால் பிடித்திருக்க, அளவுகோல் முழுவதும் ஆடாமல் படிந்தது.

"இதை நீர் எங்க படிச்சனீர்?" என்று கேட்டார் வைத்திலிங்கம் ஐயா.

"இங்கதான் சார், மாடி ரூம்புல. ரெண்டு தடவ ஃபெயிலானப்ப நானும் படி மாதிரிதான் போட்டேன். ஏன் அப்படி வராதுன்னு இவன்கிட்ட ஒரு மாசமா சண்டை போட்டேன். அரைவட்டம் போட்டுக் காட்டிக்கிட்டே இருந்தான். ஊஞ்சல் நான் சொந்தமா கண்டுபிடிச்சது."

யாழினி எளிதில் விடுபவரல்லர். மேடைத் தமிழுக்குத் திரும்பினார். "ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவையோரே, ஒரு சிறு குழாய்க்காக அட்டையில் சரிபாதியை வீணாக்கியிருக்கிறார்கள்!" வெட்டியெறிந்த மேல்துண்டைத் தூக்கிக் காட்டினார்.

இந்த இடத்துக்காகவே நான் காத்திருந்தேன்.

"வீண் என்றீர்களே, அதையும் சுருட்டுங்கள்."

சுருட்டினார். அதே குழாய், அதே சாய்வு. இரண்டாவதை அரைச்சுற்றுத் திருப்பி முதலாவதன் வாயில் வைக்கச் சொன்னேன். இரண்டு வாய்களும் இடைவெளியின்றிப் பொருந்தின. குழாய் முழங்கையாக மடங்கி நின்றது. ஒரே அலையை வெட்டினால் இரு துண்டுகளும் பிறக்கும். கழிவென்று எதுவும் மிஞ்சாது. யாழினி அதைத் தூக்கி ஒரு வாயில் ஊதினார். மறுவாய்க்கு எதிரே கிடந்த அட்டைத் துகள்கள் மேசையிலிருந்து பறந்தன. அவரே முதலில் கைதட்டினார்.

தீர்ப்புக்குப் பின்

விதி விதிதான். அந்தச் சுற்றின் புள்ளிகளை இழந்தோம். கோப்பை யாழினியின் அணிக்குப் போனது. தனிநபர் புள்ளிகள் வேறு கணக்கு என்பதால், தேசியப் போட்டிக்கு ஜோகூர் சார்பில் யாழினியும் நானும் தேர்வானோம். அறிவிப்பைக் கேட்டபோது என் தோள் நிமிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு தலைவர் அறையைப் பற்றிச் சொன்னார். "விளங்குது எண்டு கண்டன். ஆனால் மேடையில விளங்கினது தேர்வில நிக்க வேணும். மறுதேர்வு முடிவு வரைக்கும் அறை உங்களுக்கு. இந்தத் தம்பி தேறினால் நிரந்தரம். தேறாட்டி கம்ப்யூட்டர்காரர் வருவினம்."

எல்லாரும் மகிழ்ந்தார்கள். கோகுலன் மட்டும் நடைவழியில், குளிர்ந்துபோன மிச்சக் கறிபாப்பைப் பிடித்தபடி நின்றான்.

"மச்சான், நான் வாயத் தொறந்திருக்கவே கூடாதுடா."

"ஏன்? நீதானே இன்றைய நாயகன்."

"நாயகனா? முன்ன ஃபெயிலானா நான் மட்டும் வீட்டுக்குப் போவேன். இப்ப ஃபெயிலானா உள்ள இருக்கற எட்டுப் பேரையும் கூட்டிக்கிட்டுல்ல போவேன். நீ ஜாலியா கே.எல். போயி தேசியப் போட்டியில பேசிட்டு வா. என் தலையிலதான் ரூம்பத் தூக்கி வெச்சிட்டாங்க."

அவன் குரலில் கேலி இல்லை. பல மாதங்களில் அன்றுதான் அவன் சிரிக்காமல் பேசிக் கேட்டேன். ஆறுதலாகப் பத்து வாக்கியங்கள் என் நாவில் வரிசையில் நின்றன. ஒன்றும் அவன் தலையிலிருந்த பாரத்தைக் குறைக்கும் தகுதி பெற்றதாக இல்லை. அவன் பணயம் வைத்த அளவுக்கு நானும் வைத்தாலொழிய.

உள்ளே நன்றியுரை முடிந்துகொண்டிருந்தது. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். மேடையேறி ஒலிவாங்கியை எடுத்தேன். அது ஒருமுறை வீறிட்டது, தலைகள் திரும்பின. யாழினி கோப்பையை இடுப்பில் தாங்கியபடி நின்றார். கோகுலன் வாசலில் நின்று, "டேய், வேணாண்டா!" என்று வாயசைத்தான்.

படியேற்றம் இல்லாமல், ஒரே குரலில் சொன்னேன்:

"அவையோரே, நீங்கள் சாட்சி. கோகுலன் இந்தத் தாளில் தேறினான் என்ற செய்தி வரும்வரை, தேசியப் போட்டி உட்பட, எந்த மேடையிலும் நான் ஒரு சொல் பேச மாட்டேன். சனிக்கிழமைகளில், இந்தக் கட்டடத்தின் மாடியில் மட்டும் பேசுவேன். அதுவும் வரைந்துகொண்டேதான் பேசுவேன்."